பட்டியலில் நாலாவதாக நான்

என் தம்பி அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறான். போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரு புதன்கிழமை சாயங்காலம், நான் ஆபீஸைப் பூட்டப் போகும் நேரத்தில் போன் செய்தான். அவனுடைய மேட்ரனும் அவருடைய கணவரும் கோவளத்தில் வந்து தங்கியிருக்கிறார்களாம். சனிக்கிழமை ஒரு நாள் அவர்களுக்கு நம் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டுமாம்.

"எனக்க மேட்ரனாக்கும் அக்கா. இங்க எனக்கு எல்லாம் அவங்கதான். நல்லாட்டு பாத்துக்கணும்."

"எனக்கு இங்கிலீஷு வராதே மக்கா."

"உனக்கு வாறது போதும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

எனக்கு வரும் இங்கிலீஷ் என்ன என்பது அவனுக்குத் தெரியாது. பாறசாலையில் நிலத்துக்கு ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் ஆபீஸ் ஒன்றில் நான் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். அங்கே கண்ணில் படும் பழைய காகிதங்களில் இருக்கும் இங்கிலீஷ் எல்லாம் கிழக்கே எல்லை எது, மேற்கே எல்லை எது, மேற்படி கிணற்றில் மேற்படியாருக்குப் பாதி உரிமை என்கிற ரகம். அதை வைத்துக்கொண்டு இரண்டு வெளிநாட்டுக்காரர்களோடு ஒரு பகலைத் தள்ள முடியுமா என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கணவருக்கு அந்தக் கவலையே இல்லை. அவர் பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். சாமான் ஏற்றுகிற வேனைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பின்சீட்டைத் திரும்பவும் மாட்டினார். பாலராமபுரத்துக்குப் போய் பொன்சரிகைக் கரை போட்ட ஒரு கசவு சேலையும் ஒரு கரைவேட்டியும் வாங்கி வந்தார். நான் ஒரு தாளில் அன்றைய திட்டத்தை எழுதினேன். காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, மதியம் திற்பரப்பு அருவி, சாயங்காலம் கன்னியாகுமரி. யாருக்குக் காட்டினாலும் குறை சொல்ல முடியாத திட்டம்.

சனிக்கிழமை ஏழரைக்குக் கோவளத்தில் அவர்கள் ஓட்டல் வாசலிலேயே நின்றிருந்தார்கள். மேட்ரன் நல்ல உயரம். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. அறுபது வயதிருக்கும். கணவர் பெரிய உடம்பு, வெயிலில் சிவந்த முகம், அகலமான தொப்பி. முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று தம்பி சொல்லியிருந்தான். பஸ்காரர் என்றுதான் நானும் என் கணவரும் எங்களுக்குள் அவரைச் சொல்லிக்கொண்டோம். வேனைப் பார்த்ததும் அவர் நேரே முன்சீட்டில் போய் ஏறிக்கொண்டார். டிரைவர் என்றால் எந்த நாட்டிலும் டிரைவர்தான் போலிருக்கிறது. பாலராமபுரம் தாண்டுவதற்குள், ஹாரன் எப்போது ஒன்று, எப்போது இரண்டு என்று என் கணவரிடம் கைசாடையிலேயே பாடம் கேட்டு முடித்துவிட்டார். நெய்யாற்றின்கரையில் ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனபோது கண்ணை மூடிக்கொண்டவர், அமரவிளையில் அடுத்த பஸ் அதே வேலையைச் செய்தபோது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என்னமோ திட்டினார்.

நான் என் திட்டத்தை எடுத்து மேட்ரனிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார்.

"அரண்மனையை நாங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்கு இவைதான் வேண்டும்" என்றார். அவர் மெதுவாகப் பேசினார். அதனால் எனக்கு முக்கால்வாசி புரிந்தது.

தாளில் பெரிய எழுத்தில் நாலு வரிகள். ஒன்று, பாதி ஒரு மாநிலத்திலும் பாதி இன்னொன்றிலுமாக இருக்கும் அவனுடைய வீடு. இரண்டு, அவனைத் தூக்கிய சர்ச் மணி. மூன்று, பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் அவன் வலை இழுத்த கடற்கரை. நாலு, பஸ் கண்டக்டரைக் குடையால் அடித்த அக்கா.

நான் மறுபடி வாசித்தேன். எங்கள் வீடு குளத்தூர் பஞ்சாயத்தில் முழுசாகக் கேரளத்துக்குள் இருக்கிறது. எல்லைக்கு நடந்தே போகலாம் என்பது உண்மை, ஆனால் வீட்டின் ஒரு செங்கல்கூட எல்லையைத் தொடவில்லை. தம்பி பள்ளிக்கூட நாட்களில் ஏழரை மணிக்கு முன்னால் எழுந்ததே கிடையாது. கண்டக்டர் விஷயமும் அப்படி இல்லை. நான் காலேஜில் படிக்கும்போது ஒரு மழை நாளில், எங்கள் நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போனது. நான் குடையை ஆட்டிக்கொண்டு கத்தினேன். குடை தானாக விரிந்து கண்டக்டரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவ்வளவுதான்.

"இது நீங்கள்தானே" என்று மேட்ரன் நாலாவது வரியில் விரலை வைத்தார்.

நான் வாய் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து என் கணவர், "யெஸ், யெஸ். வெரி ட்ரூ" என்றார். பஸ்காரர் திரும்பி என்னைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். அப்படியாக நாலாவது வரியை மேட்ரன் பேனாவால் அடித்தார்.

தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருக்கவில்லை. எடுக்கவில்லை.

"என்ன செய்யியது?" என்று கணவரிடம் கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லிரு" என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. மேட்ரன் அவனுடைய மேலதிகாரி. அந்நிய நாட்டில் அவனுக்குத் துணையாக இருக்கிறவர். அவனைப் பொய்க்காரன் என்று அக்காவே காட்டிக்கொடுப்பதா. யோசித்தபோது எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துச் செயலாளர் நினைவுக்கு வந்தார். அவர் வீடு நிஜமாகவே எல்லையில் இருக்கிறது. முன்பக்கம் கேரளம், அடுக்களையும் கிணறும் தமிழ்நாடு. அவருக்கு இரண்டு ஆதாரம் உண்டு, மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மலையாளத்தில் இருப்பதை எழுதியது எங்கள் ஆபீஸ். போன் செய்தேன்.

"அக்கா, ஒரு மணிக்கூறுக்கு உங்க வீடு எங்க வீடாட்டு இருக்கணும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன பிள்ளே. நான் ஆருன்னு சொல்லணும்?"

"பெரியம்மைன்னு சொல்லுங்க."

"வயசு கூடிப்போவும். சித்தின்னு சொல்லுவேன்."

நாங்கள் போய்ச் சேரும்போது அவர் கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மேட்ரனைக் கட்டிப் பிடித்தார். ஒரு மணி நேரம் நடித்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு அது போதவில்லை. முன்னறையைக் காட்டி, தம்பி பிறந்தது இங்கேதான் என்றார். முற்றத்துப் பிலாமரத்தில் இருந்த ஒரு வெட்டுக்காயத்தைக் காட்டி, அவன் விழுந்தபோது பிடித்துக்கொண்ட இடம் என்றார். இத்தனையையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவனுக்கு ஆறு வயதில் வந்த மஞ்சள்காமாலையைப் பற்றி அவர் ஆரம்பித்தபோது, "போதும் அக்கா" என்று நானே நிறுத்தினேன்.

மேட்ரனுக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. கேரளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் கை கழுவுகிற போட்டோ. செயலாளர் அக்கா புட்டும் பயறும் பப்படமும் வைத்தார். பஸ்காரர் ஒரு குழல் புட்டைத் தனியாகத் தின்றுவிட்டு, நாலு எட்டில் அடுத்த மாநிலத்துக்குப் போய்க் கிணற்றடியில் கை கழுவினார். திரும்பி வந்தார். பிறகு மறுபடி போனார். சும்மா போவதும் வருவதுமாக ஐந்தாறு தடவை நடந்தார். எல்லை எங்கே என்று கேட்டார். செயலாளர் அக்கா அடுக்களை வாசற்படியைக் காட்டினார். பஸ்காரர் அந்தப் படியிலேயே, கால் ஒரு பக்கமும் முதுகு ஒரு பக்கமுமாக உட்கார்ந்து, தானும் ஒரு எல்லைக் கிராமத்தில் பிறந்தவன்தான் என்றார். அவர் ஊரில் வயலுக்கு நடுவே நாட்டின் எல்லையே போகுமாம். பின்னாளில் அந்த எல்லையைத் தாண்டித் தினமும் பஸ் ஓட்டினாராம்.

இதை நான் தமிழில் சொன்னதும் செயலாளர் அக்கா நடிப்பை மறந்துவிட்டார்.

"அப்போ அங்கேயும் கடத்து உண்டான்னு கேளு. எங்க அம்மை அரிசி கடத்தினவளாக்கும். அந்தப் பக்கத்திலேருந்து இங்க அரிசி கொண்டுவர விடாத காலம். நீளமாட்டு துணிப்பை தைச்சு, அரிசி நிறைச்சு, இடுப்பைச் சுத்திக் கெட்டி, அதுக்கு மேல சேலையைச் சுத்தி, செக்போஸ்டு வழியாட்டு நடந்து வருவா. போவும்போ மெலிஞ்சு போவா. வரும்போ எட்டு மாசம்."

இதை இங்கிலீஷில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. செயலாளர் அக்காவே எழுந்து ஒரு துண்டைச் சுருட்டி வயிற்றில் கட்டி நடந்து காட்டினார். பஸ்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அத்தை வெண்ணெய் கடத்துவாராம், கோட்டுக்குள்ளே வைத்து. ஒரு குளிர்நாளில் சோதனை போடுகிறவர் சந்தேகப்பட்டு, எதுவும் கேட்காமல், குளிராக இருக்கிறதே அம்மா என்று அவரை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தாராம். கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் உருகி அத்தையின் காலுறை வழியாக இறங்கித் தரையில் தேங்கியதாம்.

செயலாளர் அக்கா சிரித்து முடிக்க வெகுநேரமானது. "அந்தச் சவத்துப்பய எப்படி யோசிச்சிருக்கான் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரம் இரண்டரை மணி நேரமாக நீண்டுவிட்டது. கிளம்பும்போது பஸ்காரருக்கு ஒரு பொட்டலம் வறுத்த ஏத்தங்காய்ச் சிப்ஸும் கிடைத்தது.

அடுத்தது சர்ச். மிஷன் காலத்தில் கட்டியது. மணி கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மணிக்கயிறு தம்பியைத் தூக்கியதா என்று மேட்ரன் கேட்டதை நான் பயந்துகொண்டேதான் தமிழில் கேட்டேன்.

"உள்ளதுதான்" என்றார் அவர். "கிறிஸ்துமஸ் காலையில கயித்தைப் பிடிச்சுத் தொங்கினான். அப்போ எலிக்குஞ்சு கணக்கா இருப்பான். மணி திரும்பினப்போ அவன் ரெண்டாள் உசரத்துக்குப் போயிட்டான். போதகருக்கு ஆராதனையை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. இறக்கினதும் இன்னொருக்க போறேன்னான்."

எனக்கே தெரியாத கதை அது. நான் நல்ல சத்தமாகவே அதை மொழிபெயர்த்தேன். அவன் சொன்ன ஒன்றாவது மெய்யாகிவிட்டதே.

பஸ்காரருக்கு மணி அடித்துப் பார்க்க ஆசை. பெரியவர் சம்மதித்தார். விருந்தாளி அல்லவா. பஸ்காரர் தன் பலத்துக்குப் பயந்து ஒரு தடவை மெதுவாக இழுத்தார். ஓசை அடங்கும்வரை காத்திருந்தார். மறுபடி ஒரு தடவை. காத்திருந்தார். மறுபடி ஒன்று. பெரியவர் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் மேட்ரனுக்கு வாசற்கல்லில் இருந்த எழுத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒற்றை ஒற்றையாக, இடைவிட்டு மணி அடித்தால் சபையில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது எனக்கு உறைப்பதற்குள் ஏழெட்டு மணி ஆகிவிட்டது.

முதலில் எதிர் வீட்டிலிருந்து ஒருவர் சட்டை போட்டுக்கொண்டே ஓடி வந்தார். "ஆரு மரிச்சது?" பின்னாலேயே இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் மீன் வெட்டின ஈரத்தோடு. ரோட்டில் போன ஆட்டோ நின்றது. பத்து நிமிஷத்தில் இருபது பேர். எல்லோரும் அவரவர்க்குத் தெரிந்த நோயாளிகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் எல்லா வாயும் ஒரே ஆளில் வந்து நின்றன. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் பழைய போஸ்ட்மேன்.

"நேத்தே இழுத்துக்கிட்டு கிடந்தாரு" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார்.

அந்த நேரத்தில் போஸ்ட்மேனின் மருமகள் வேகமாக வந்தாள். "அங்க மாமா சாயா குடிச்சிட்டு இருக்கியாரு. ஆருக்கு மணி அடிக்கியான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

சர்ச் வாசலில் கயிற்றைப் பிடித்தபடி தொப்பியோடு நின்ற பஸ்காரரை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். முதலில் மீன் வெட்டின கையோடு வந்த பெண் சிரித்தாள், அப்புறம் எல்லோரும். பஸ்காரருக்கு முகம் இன்னும் சிவந்துபோனது. ஒவ்வொருவராகக் கை கொடுத்து மன்னிப்புக் கேட்டார். போஸ்ட்மேனிடமும் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்றார். போனோம். போஸ்ட்மேன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தனக்காக ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு வந்து மணி அடித்ததில் மிகவும் சந்தோஷப்பட்டார். "எத்தனை பேரு வந்தாவ?" என்று மட்டும் மருமகளிடம் கேட்டார். இருபது என்றதும், "பத்து நிமிஷத்துக்குள்ள இருபதா? கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அருவிக்குக் கொண்டுபோகலாம் என்று விடியற்காலையிலேயே மரச்சீனிக் கிழங்கு வேகவைத்து, சாளை மீன் கறி வைத்திருந்தேன். இது என் வீடு, நான் கல்யாணமாகி வந்த வீடு என்று சொல்லி வைத்திருந்தேன். அதுவும் பொய். இது எங்கள் அப்பா கட்டிய வீடு. தம்பி நிஜமாகப் பிறந்து வளர்ந்த வீடு. ஆனால் காலையில் சொன்ன பொய்க்கு இது தேவைப்பட்டது.

மேட்ரன் கையால் சாப்பிட்டார். பிறகு கை கழுவிவிட்டு, சுவரில் இருந்த அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றார். நிறைய நேரம் நின்றார்.

"இவர் இறந்தபோது அவன் பத்து நாள் லீவில் வந்தான்" என்றார். "திரும்பி வந்து வாயே திறக்கவில்லை. வேலை செய்வான், போவான். எங்கள் இல்லத்தில் ஒரு கிழவர் இருக்கிறார். கப்பலில் வேலை செய்தவர். யாரோடும் பேசமாட்டார். அவர்தான் ஒரு நாள் டீ நேரத்தில் இவனைக் கூப்பிட்டு, உன் அம்மாவைப் பற்றிச் சொல் என்றார். சொன்னான். மறுநாள் உன் ஊரைப் பற்றிச் சொல் என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது டீ நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள்."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அம்மா போன சமயத்தில் அவன் என்னிடம் போனில், நல்லா இருக்கேன் அக்கா, ஒண்ணும் இல்ல என்றுதான் தினமும் சொன்னான். நானும் அதை நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

மூன்று மணிக்குப் பொழியூர் கடற்கரைக்குக் கிளம்பினோம். என் கணவர் பஸ்காரருக்குக் கரைவேட்டியைக் கட்டிவிட்டு, மேலே பெல்ட் போட்டுவிட்டிருந்தார். அது இல்லாமல் வேட்டி ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

கடற்கரையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வலையை வளைத்துப் போட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இரண்டு வரிசையாக நின்று இழுப்பது. வரிசைக்கு முன்னால் தலையில் துண்டு கட்டி நின்ற ஆளைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டு நடந்தேன். தம்பியைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து தந்தவர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் கண்ணைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் புரிந்திருக்காது.

"இவங்க தம்பி வேலை பாக்கிய இடத்துலேருந்து வந்திருக்காங்க அண்ணே" என்றேன். "அவன் இங்க வலை இழுத்ததைக் கேக்கியாங்க."

அண்ணன் கயிற்றை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"அவன் வலை இழுத்தானா? ஒரே ஒரு நாளாக்கும் வந்தான். பள்ளிக்கூடம் போவாம இங்க வந்து, நானும் இழுக்கேன்னு கயித்தைப் பிடிச்சான். முதல் அலையே காலை வாரிச்சு. நிக்கரு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தலைமுடியைப் பிடிச்சு நானாக்கும் இழுத்துப் போட்டது. ஒரு குடம் உப்புவெள்ளம் கக்கினான். பிறகு எங்க வீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டே நாலு மீன் வறுத்தது தின்னான்."

மேட்ரன் என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன்: "அவன் மிகவும் பலசாலி என்கிறார். தினமும் வருவான் என்கிறார்."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பஹ்ரைனில் பதினொரு வருஷம் படகில் வேலை பார்த்தவர் என்பதை நான் அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

"மேடம்" என்று மேட்ரனைப் பார்த்து, என்னுடையதைவிட நல்ல இங்கிலீஷில் சொன்னார். "இவள் சொல்வது சரியில்லை. அவன் ஒரு நாள்தான் வந்தான். மூழ்கினான். நான் தூக்கினேன்."

அலை வந்து காலுக்குக் கீழே இருந்த மணலோடு என்னையும் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றியது. மேட்ரன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பஸ்காரர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார் மேட்ரன், பேச முடிந்ததும். "அந்தக் கப்பல் கிழவர் என்ன சொல்லி அனுப்பினார் தெரியுமா? இவன் கையைப் பார், இந்தக் கை கயிறு பிடித்த கை இல்லை, போய் உண்மையைக் கேட்டு வா என்றார். அதற்காகத்தான் உங்கள் கடற்கரைக்கு வர ஆசைப்பட்டேன்."

"அப்போ வீடு?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்கள் சித்தி வீட்டுச் சுவரில் இருந்த பதினேழு போட்டோவில் ஒன்றில்கூட அவன் இல்லை. மதியம் சாப்பிட்ட வீட்டில், வாசலில் நுழைந்ததும் இருக்கிறான், பல் இல்லாமல்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனால் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் வெண்ணெய்க் கதையை யாரிடம் சொல்லியிருப்பார் இவர்?"

நான் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். கண்டக்டரின் மூக்குக்கண்ணாடி வரை. அதைக் கேட்டுப் பஸ்காரர்தான் கொஞ்சம் ஏமாந்துபோனார்.

பிறகு அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மேட்ரனின் போனைப் பார்த்து நின்று, கப்பல் கிழவருக்கு நேரடியாகச் சாட்சி சொன்னார். எந்த இடத்தில் மூழ்கினான், எப்படித் தூக்கினேன் என்று கையைக் காட்டிச் சொன்னார். கடைசியில், "ஆனா பையன் நல்லவன். எனக்க கொழுந்தியாளுக்க ஆப்பரேஷனுக்கு ராத்திரி பகலா போன்ல டாக்டர்மாரோட பேசினது அவனாக்கும். அதையும் எழுதிக்கோங்க" என்று தமிழிலேயே சொன்னார். அதை நான் ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

வலை கரையை நெருங்கியிருந்தது. பஸ்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய்க் கயிற்றைப் பிடித்தார். என் கணவரும் கூடப் போனார். "ஏலேலோ" என்று மற்றவர்கள் இழுக்கும்போது இவர்கள் இரண்டு பேரும் ஒரு கணம் பிந்தி இழுத்தார்கள். வலையில் நெத்தலியும் கொஞ்சம் சாளையும் ஒரு வாளி நண்டும் இருந்தன. அண்ணன் பஸ்காரரின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இவருக்குப் பழகிய கை என்று சொன்னார். ஸ்டியரிங் பிடித்த கை என்றார் அவர், பெருமையாக.

ஏழு மணிக்கு அவர்களைக் கோவளத்தில் விட்டோம். மேட்ரன் கசவு சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை கட்டக் கற்றுத் தர வேண்டும் என்றார். பஸ்காரர் வேட்டியோடுதான் இறங்கினார். ஓட்டல் காவல்காரர் அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

தம்பி செவ்வாய்க்கிழமை கூப்பிட்டான்.

"அக்கா, நீ என்ன காரியம் செஞ்சுபோட்டா. நான் டியூட்டிக்குப் போறேன், கிழவன் கதவுப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். வீடியோ அவனுக்கு முன்னமே வந்தாச்சு. எல்லாரும் பாத்தாச்சு."

"என்ன சொன்னாரு?"

"எத்தனை மீன் தின்னேன்னு மட்டும் கேட்டான். நாலுன்னேன். பிறகு, உக்காரு, மெய்யான கதையைச் சொல்லுன்னான்." சிரித்தான். பிறகு கேட்டான்: "மேட்ரன் அம்மைக்க போட்டோ பாத்தாங்களா?"

"பாத்தாங்க. நிறைய நேரம் பாத்தாங்க."

"ம்" என்றான்.

"அன்னைக்கு நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே மக்கா."

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் இங்க நிக்க மாட்டேன்னு தெரியும்" என்றான். இத்தனை வருஷத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது அன்றுதான். அதிகம் பேசவில்லை. ஆனால் பேசினோம்.

அதற்குப் பிறகு, டீ நேரத்துக்கு முந்தி, வாரத்துக்கு இரண்டு தடவையாவது கூப்பிடுகிறான். நலம் விசாரிப்பதெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். அப்புறம், "ஊர்ல என்ன அக்கா விசேஷம்?" என்பான். யாருக்காகக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆபீஸில் காதைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். போன வாரம் ஒருவர் புது நகல் எடுக்க வந்திருந்தார். வீட்டு ஆதாரத்தை வெயிலில் காயப் போட்டிருந்தாராம், ஆடு தின்றுவிட்டதாம். தம்பிக்குச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் வரை தின்னுச்சு?"

"நாலு எல்லையும் தின்னாச்சு. கையெழுத்து மட்டும் பாக்கி."

"அவரு ஆட்டைக் கொண்டு வந்தாரா அக்கா?"

கொண்டு வரவில்லை. அவர் பஸ்ஸில் வந்தவர், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு நாற்காலிகள் திரும்பிக் காத்திருப்பதை நினைத்துக்கொண்டேன்.

"கொண்டு வந்தாரு" என்றேன். "வராந்தாவுல கெட்டிப் போட்டிருந்தாரு. எங்களைப் பாத்து ஏப்பம் விட்டுது."